ஒன்றாம் இலக்கப் பை

என் அத்தையின் பேரிக்காய் மரத்தை வெட்ட வைத்தவன் நான். கோடரி பிடித்தவர்கள் தோட்டத்து ஆட்கள், உத்தரவு போட்டவர் தோட்டத்தை நடத்திய துரை, எந்த மரம் நிற்கலாம் என்று தீர்ப்புச் சொன்னவர் நாற்றுமேடையிலிருந்து வந்த ஒரு பெரியவர். அவர்கள் யார் மீதும் குற்றமில்லை. அவர்கள் எல்லோரையும் ஏமாற்றியது, அப்போது பத்து வயதான நான். எழுபத்தைந்து வயதில் இதைச் சொல்லப் பெரிய தைரியம் ஒன்றும் தேவைப்படவில்லை. கேட்டுக் கோபப்பட வேண்டியவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள். மிச்சமிருப்பது என் தம்பி. அவன் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பொகவந்தலாவை பஜாரிலிருந்து இரண்டு மைல் மேலே ஏற வேண்டிய தோட்டம் அது. எங்கள் லயத்தில் வரிசையாகப் பத்துக் காம்பராக்கள். முதல் காம்பரா எங்களுடையது. கடைசிக் காம்பராவில் அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. பிள்ளைகள் இல்லை. மாமா துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர்; எனக்கு எட்டு வயதாக இருக்கும்போது நெஞ்சுவலியில் இறந்துபோனார்.

நான் பிறப்பதற்கு முன்னால், துரைசாணி ஒருநாள் மாமாவுக்கு ஒரு பேரிக்காய் கொடுத்தாராம். பங்களா மரத்துப் பழம். மாமா பாதியைத் தின்று பாதியை அத்தைக்குக் கொண்டுவந்தார். அதில் இரண்டு நல்ல விதைகள் இருந்தன. ஒன்றைத் தம் காம்பராவுக்குப் பின்னால் புதைத்தார். மற்றதை, மச்சான் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும் என்று எங்கள் காம்பராவுக்குப் பின்னால் புதைத்தார். பிறகு பங்களா மரம் மின்னல் விழுந்து கருகிவிட்டது. அதன் வாரிசு என்று இருந்தவை இந்த இரண்டும்தான்.

ஒரே பழத்துக்குள் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடந்த விதைகள். ஆனால் குணத்தில் அண்ணன் தம்பி என்று சொல்ல முடியாது. அத்தை மரத்துப் பழம் பறித்து ஒரு வாரம் வைத்தால் தோல் மெலிந்து, விரலை வைத்தால் பள்ளம் விழும். உள்ளே வெள்ளை வெளேர் என்ற சதை. மெல்ல வேண்டியதே இல்லை, நாக்கில் கரையும். எங்கள் மரத்துப் பழம் எவ்வளவு நாள் வைத்தாலும் கடித்தால் பல்லுக்கிடையில் மணல். விதையைச் சுற்றிக் குருணை குருணையாகக் கல். லயத்தில் அதை வெண்ணெய்ப் பேரி என்றும் இதை மண்ணுப் பேரி என்றும் சொல்வார்கள். மண்ணுப் பேரியைச் சீனி போட்டு அவிப்பார்கள், அல்லது உப்பும் கொச்சிக்காய்த் தூளும் போட்டுப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவார்கள்.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். அதே பழுப்புத் தோல், அதே புள்ளிகள். அத்தை மரத்துக் காய்க்குக் கழுத்து அரை விரற்கடை கூடுதல் நீளம். அடியில் இருக்கும் கண் மூடியிருக்கும். எங்கள் காய்க்கு அது திறந்திருக்கும். இது லயத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

மூன்றாவதாக ஒரு மரம் கங்காணி வீட்டில் நின்றது. வேறு சாதி, உருண்டையான பச்சைக் காய், தீபாவளி வரை வைத்தாலும் இளகாது. "கங்காணி மாதிரியே" என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள், கங்காணி தூரத்தில் இருக்கும்போது.

பழம் பழுக்கும் இரண்டு மாதங்களில்தான் அத்தை வாசலில் ஆள் நடமாட்டம் இருக்கும். மற்ற நாட்களில் பிள்ளையில்லாத விதவையின் வாசலுக்கு யார் போவார்கள்? அந்த இரண்டு மாதமும் அவள் சேலையைக்கூடச் சற்று நன்றாகக் கட்டுவாள். வீட்டுக்கு இத்தனை என்று அவளே எடுத்துக் கொடுப்பாள். கேட்காமல் பறித்தவனுக்கு அந்த வருடம் பழம் கிடையாது. கேட்டால் இல்லை என்று சொன்னதே இல்லை.

அந்த வருடம் அம்மா மாசமாக இருந்தாள். எனக்குப் பின்னால் இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. ஒன்று ஆறாம் மாதத்தில் போனது, மற்றது டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில். இந்த முறை அம்மா மூன்றாம் மாதமே எங்கள் பேரி மரத்தடியில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் துணியில் சின்னத் தொட்டில் செய்து கிளையில் கட்டினாள். பிள்ளை உயிரோடு பிறந்தால் அவிழ்ப்பதாக வேண்டுதல். அதற்குள் துணி அறுந்தாலோ கிளை முறிந்தாலோ என்ன ஆகும் என்று யாரும் வாயால் சொல்லவில்லை. காற்றடிக்கும் இரவுகளில் அம்மா எழுந்துபோய்க் கதவிடுக்கால் பார்ப்பாள்.

ஏழாம் மாதத்தில் ஒருநாள் காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், கணக்கப்பிள்ளை சொன்னார், லயங்களுக்குப் பின்னால் இருக்கும் மரமெல்லாம் போக வேண்டும், அங்கே புதுத் தேயிலைக் கன்று வைக்கப் போகிறார்கள் என்று. அப்பா தயங்கித் தயங்கிப் போய்ச் சொன்னார்.

"ஐயா, எங்க மரத்துல தொட்டில் கட்டியிருக்குங்க. வீட்ல ஏழு மாசம்."

"ஒனக்கு விட்டா நாளைக்கு எல்லா மரத்துலயும் தொட்டில் தொங்கும்யா. தொரைகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

அதற்கு அடுத்த வாரம்தான் நுவரெலியாப் பக்கத்து நாற்றுமேடை ஒன்றிலிருந்து அந்தப் பெரியவர் வந்தார். சிங்களவர். அட்டைக்குப் பயந்து கால்சட்டையைக் காலுறைக்குள் திணித்திருந்தார். பழைய பேரிக்காய் மரங்களைத் தேடித் தோட்டம் தோட்டமாக நடந்துகொண்டிருந்தவர். எங்கள் மூன்று மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்தார், இலையைக் கசக்கி முகர்ந்தார். பிறகு துரையிடம் போய் மன்றாடி ஒரு சலுகை வாங்கிவந்தார். ஒரு மரம். மூன்றில் நல்ல பழம் தருகிற ஒரு மரம் மட்டும் நிற்கலாம். அதில் தகரப் பட்டை அடிப்பார். வருடா வருடம் அதிலிருந்து குச்சி வெட்டிக்கொண்டுபோய் ஒட்டுக் கட்டுவார். பட்டை அடித்த மரத்தில் யாரும் கை வைக்கக்கூடாது.

ஒவ்வொரு மரத்திலும் ஐந்து காய்களை அவரே பறித்து, துணிப் பைகளில் போட்டு, நூலால் கட்டி, தகர இலக்கம் கோத்தார். எங்களுடையது ஒன்று. அத்தையுடையது இரண்டு. கங்காணியுடையது மூன்று. பேரிக்காயை மரத்தில் வைத்துத் தின்று பார்த்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. பறித்துப் பத்து நாள் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். அந்தச் சூடு தோட்டத்தில் ஒரே இடத்தில்தான் உண்டு. ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில். பைகள் அங்கே போயின. அங்கே வேலை செய்தவர் அப்பா.

அன்று பொழுது சாய அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்குப் போனாள்.

"மதினி, ஒங்க மரந்தான் நிக்கும்னு எல்லாரும் சொல்றாங்க. நிக்கட்டும். ஆனா என் வயித்துல இருக்கிறது..."

அத்தை அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். "மனசப் போட்டு ஒழப்பாத புள்ள. பத்து நாள் கெடக்குல்ல. இந்தா, சாயத்தண்ணி குடி" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு மரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாலில்லாத தேநீரைக் கொடுக்கிறாளே என்று எனக்கு அத்தை மேல் ஆத்திரம் வந்தது. வழியெல்லாம் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோவது அம்மாவின் வேலை. கால் வீங்கிய நாட்களில் நான் கொண்டுபோவேன். நாலாம் நாள் நான் போனேன். மேல்மாடியில் சாக்குத் துணியை இழுத்துக் கட்டிய தட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும், அவற்றின் மேல் கொழுந்து வாடிக்கொண்டிருக்கும். கீழிருந்து வரும் சூட்டில் மூச்சு முட்டும். அப்பா ரொட்டியைத் தின்றுவிட்டுக் கை கழுவக் கீழே இறங்கினார். மூலைத் தட்டில் மூன்று பைகளும் இருந்தன.

நான் முன்கூட்டியே யோசித்துப் போனேனா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசித்துத்தான் போனேன். ஒன்றாம் பையையும் இரண்டாம் பையையும் அவிழ்த்தேன். காய்களை மாற்றினேன். பத்துக் காய். ஒன்றாம் பையை முதலில் கட்டினேன். பெரியவர் போட்டிருந்தது எனக்குத் தெரியாத முடிச்சு. எனக்குத் தெரிந்தது ஒரே முடிச்சுதான், அம்மா கொழுந்துக் கூடைக் கயிற்றில் போடுவது. அம்மா இடது கைக்காரி. அவளைப் பார்த்துப் பழகியதால் நானும் அதை இடப்பக்கமாகவே போடுவேன். இரண்டாம் பையைக் கட்டும்போது படியில் அப்பாவின் காலடி கேட்டது. நூலை வெறுமனே சுற்றிச் செருகிவிட்டு, காலிப் பாத்திரத்தோடு ஓடினேன்.

மிச்சமிருந்த ஆறு நாட்களும் என் வாழ்க்கையில் மிக நீளமானவை. பை அவிழ்ந்து கிடப்பதாகக் கனவு கண்டேன். அப்பாவைத்தான் பிடிப்பார்கள், பை அவர் பொறுப்பில் இருந்தது என்பது ஐந்தாம் நாள்தான் எனக்கு உறைத்தது. கண்டுபிடித்தால் அப்பாவுக்கு வேலை போகும், வேலை போனால் காம்பரா போகும், மரமும் போகும், அம்மா வயிற்றில் இருப்பதும் போகும் என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்து நின்றது. திரும்பப் போய் மாற்றிவிடலாம் என்றால், அந்த நாட்களில் அம்மாவின் கால் வீக்கம் வற்றி அவளே சாப்பாடு கொண்டுபோனாள். மூன்று நாள். நான் எத்தனை அடம்பிடித்தும் விடவில்லை. "பள்ளிக்கூடத்துக்குப் போடா. ஸ்டோர்ல ஒனக்கு என்னடா வேல?" என்றாள்.

அத்தைதான் என் முகத்தைக் கவனித்தாள்.

"என்னடா, மூஞ்சி செத்துப்போயிருக்கு? இந்தா" என்று ஒரு பழத்தைக் கையில் வைத்தாள். அந்த வருடத்து முதல் பழம். அவள் பார்க்கத் தின்ன வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ஸ்டோர் வாசலில் மேசை போட்டார்கள். துரை வந்தார், ஸ்டோரை நடத்தும் டீமேக்கர் வந்தார். பெண்கள் கூடையோடு ஒதுங்கி நின்றார்கள். அப்பா மேலே வேலையில் இருந்தார். அம்மா சுவரில் சாய்ந்து, இடுப்பில் கையை ஊன்றி நின்றாள். நான் அம்மாவுக்கு முன்னால் நின்றேன்.

பெரியவர் முடிச்சையெல்லாம் பார்க்கவில்லை. ஒவ்வொரு பை நூலையும் கத்தியால் அறுத்துத் தள்ளினார். ஒவ்வொரு பழமாக நிறுத்தார், சுற்றளவு பார்த்தார், நீளவாட்டில் வெட்டினார், விதைகளை எண்ணினார். சதையைக் கத்தி முனையால் சுரண்டிக் காதருகே வைத்து மணல் சத்தம் கேட்டார். சாற்றில் ஒரு சொட்டைச் சின்னக் குழாய் ஒன்றில் விட்டு, வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். எல்லாவற்றையும் எழுதினார். பிறகு தின்றார். துரைக்கும் டீமேக்கருக்கும் கொடுத்தார். ஒன்றாம் பைப் பழத்தைத் தின்றதும் கண்ணை மூடிக்கொண்டு, "மேக தமாய்" என்றார். இதுதான், இதேதான் என்று அர்த்தம்.

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. "மண்ணுப் பேரியா?" என்றது ஒரு குரல். "தொரமாருக்கு மண்ணுதான் ருசி போல" என்று கங்காணி மூக்கைச் சொறிந்தார். அவருடைய மூன்றாம் பையை யாரும் இரண்டாம் முறை பார்க்கவில்லை.

அப்போது அத்தை கூட்டத்திலிருந்து விலகி மேசையை நோக்கி நடந்தாள். எனக்கு உயிரே போய்விட்டது. மரத்துக்காக வாதாடப் போகிறாள், பையைப் பார்ப்பாள், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அவள் கணக்கப்பிள்ளையிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் பெரியவர், தோற்ற மரத்துக்காரி என்ற பரிதாபமோ என்னவோ, ஒன்றாம் பைப் பழத்தின் பாதியை எடுத்து அவளிடம் நீட்டி, நீயே தின்று பார் என்று சைகை காட்டினார்.

அத்தை வாங்கிக் கடித்தாள். குனிந்து மேசையில் கிடந்த அறுந்த நூல் ஒன்றை எடுத்து விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், பார்த்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கண் இமைக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். இடுப்பில் கட்டியிருந்த சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டாள்.

தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன்.

மண்ணுப் பேரி எப்படி ஜெயித்தது என்று லயம் ஒரு வாரம் பேசியது. "வாட்டு மாடிச் சூட்டுல பழுத்தா மண்ணும் வெண்ணெ ஆகும் போலருக்கு" என்றார் அப்பா, கபடமில்லாமல். அதை நம்பி நாலைந்து வீடுகளில் எங்கள் காயை அடுப்படிப் பரணில் வைத்துப் பார்த்தார்கள். மண் சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

எங்கள் மரத்தில் பட்டை அடித்தார்கள். அத்தை மரத்தைக் காயோடு வெட்டினார்கள். அன்று அத்தை லீவு போடவில்லை. வழக்கம்போல் கொழுந்துக்குப் போனாள். அப்பாதான் முந்தின நாள் போய், "அக்கா, மனசு கஷ்டமா இருக்கா?" என்று கேட்டாராம். "மரந்தான?" என்றாளாம்.

தம்பி எட்டாம் மாதக் கடைசியில் பிறந்தான். உயிரோடு, அழுதுகொண்டு. அம்மா தொட்டிலை அவிழ்த்தாள். லயமே வந்து பார்த்தது, அத்தை வரவில்லை. முப்பதாம் நாள் அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைசிக் காம்பராவுக்குப் போனாள். கதவு சாத்தியிருந்தது, உள்ளே அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. பெயர் வைத்த அன்று இன்னொரு முறை போனாள். அப்போதும் கதவு திறக்கவில்லை. "நான் என்ன பண்ணேன் மதினிக்கு? மரத்தத் தொரதானே வெட்டச் சொன்னாரு?" என்று அப்பாவிடம் அழுதாள். "மரத்து ஏக்கம். சரியாயிரும்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன். ஒரே கூரைக்குக் கீழே முதல் காம்பராவிலும் கடைசிக் காம்பராவிலும் இருந்துகொண்டு, ஒரே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு, இரண்டு பெண்களும் இருபத்தாறு வருடம் பேசவில்லை.

மரத்து ஏக்கம்தான் என்றால் அதற்கு மருந்து என்னிடம் இருந்தது. வெட்டிப் போட்ட மரத்தின் காய்களிலிருந்து ஒன்பது விதைகள் எடுத்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓடைக்கரையில் புதைத்திருந்தேன். அந்தப் பழத்தின் விதை அந்த மரமாகத்தானே வரும்? நாலு பிழைத்தன. பேரி விதை அவசரப்படாது. நான் வளர்ந்து, ஆசிரியர் பயிற்சிக்குப் போய், விடுமுறையில் வந்த ஒரு வருடம் முதல் மரம் காய்த்தது. அடுத்தடுத்த வருடங்களில் மற்றவையும் காய்த்தன. ஒன்று எலுமிச்சை போலப் புளிப்பு. ஒன்று கையளவு பெரிது, தண்ணீர் போலச் சப்பென்று இருந்தது. ஒன்று அசல் மண்ணுப் பேரி. நாலாவது முகர்ந்தால் அத்தை மரத்து மணம். வெட்டினால் விதையைச் சுற்றிக் கறுத்து அழுகியிருக்கும். ஒவ்வொன்றையும் பொத்திப் பொத்திக் கொண்டுபோய் அத்தையிடம் கொடுத்தேன். என்னோடு அவள் எப்போதும் போலத்தான் இருந்தாள். ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு, "இது வேற" என்பாள். எதற்காகக் கொண்டுவருகிறாய் என்று கேட்டதில்லை. பேரியில் விதை என்பது ஒவ்வொரு முறையும் புதிதாகச் சீட்டுக் குலுக்குவது, குச்சி வெட்டி ஒட்டுக் கட்டினால்தான் அதே மரம் திரும்ப வரும் என்பதைப் பின்னால் புத்தகத்தில் படித்தேன். குச்சி வெட்ட அப்போது மரம் இல்லை.

எனக்கு முப்பத்தாறு வயதானபோது அம்மா இறந்தாள். அத்தை தன் காம்பரா வாசலிலேயே நின்றாள். ஒன்பது வாசல் தாண்டி வரவில்லை.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, நானுஓயா ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, ஒரு பெண் கூடையில் பேரிக்காய் வைத்திருந்தாள். பழுப்புத் தோல், திறந்த கண். ஒன்றை வாங்கிக் கடித்தேன். பல்லில் மணல் நெறிபட்டது.

"இது எங்க காச்சது?" என்றேன்.

"எல்லாப் பக்கமுந்தான் நிக்குது சேர். ஒன்னாம் நம்பர் பேரின்னு அந்தக் காலத்துல ஒட்டுக் கன்னு குடுத்தாங்களாம். நம்பி நட்டுட்டாங்க. திங்கவும் முடியல, வெட்டவும் மனசு வரல. பல்லப் பாத்துத் தின்னுங்க."

ரயில் வந்தது. நான் ஏறவில்லை. அந்தப் பெரியவர் வருடா வருடம், காய் இல்லாத மாதத்தில் வந்து, நம்பிக்கையோடு குச்சி வெட்டிப் போனது நினைவுக்கு வந்தது. என் பொய்யை அவர் ஒட்டுக் கட்டி மலை முழுக்க நட்டிருக்கிறார். மறுநாளே தோட்டத்துக்குப் போனேன்.

அத்தை வாசலில் விறகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"அத்த, அன்னைக்குப் பைய மாத்துனது நாந்தான்."

"எந்தப் பைய?"

"பேரிக்காப் பைய. ஒன்னாம் நம்பரு."

கையிலிருந்த விறகை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "ஒங்கம்மா சொல்லி மாத்துனியா?"

"இல்ல அத்த. அம்மாவுக்குத் தெரியாது. சாகுற வரைக்கும் தெரியாது."

"பொய் சொல்லாத. அது அவ முடிச்சு. எடது கை முடிச்சு. நூல நான் கையில எடுத்துப் பாத்தேன். மூனு நாளா சாப்பாட்டுக் கூடையோட ஸ்டோருக்குப் போனவ அவ."

"அம்மாகிட்டக் கத்துக்கிட்ட முடிச்சு அத்த. எனக்கு வேற முடிச்சு தெரியாது."

அத்தை மெல்ல உட்கார்ந்தாள். என்னைத்தான் பார்த்தாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேனே, அந்தப் பார்வை என் தலைக்கு மேலே போயிருக்கிறது. எனக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றவளை அவள் பார்த்திருக்கிறாள்.

"அன்னைக்கு நான் எதுக்கு மேசகிட்ட வந்தேன்னு தெரியுமாடா ஒனக்கு?"

"ஒங்க மரத்துக்காகப் பேச."

"என் மரத்த வெட்டிக்கங்க, அந்தப் புள்ளத்தாச்சி மரத்த விட்ருங்கன்னு சொல்லத்தான்டா வந்தேன். வாயத் தொறக்குறதுக்குள்ள அந்த ஐயா பழத்தக் கையில குடுத்துட்டாரு." ஒரு விறகை எடுத்துத் திருப்பிப் போட்டாள். "கேட்டா குடுக்க மாட்டேன்னு நெனச்சுட்டாளே, களவாண்டுட்டாளேன்னு..."

எழுந்து சேலையை உதறினாள். "நட. அவ எங்க இருக்கான்னு காட்டு" என்றாள்.

தோட்டத்து இடுகாடு மேட்டுச் சரிவில் இருக்கிறது. மானாப்புல் ஆளுயரம் வளர்ந்து கிடந்தது. இரண்டு மேடுகளுக்கு முன்னால் நின்றேன். மழையில் அடையாளக் குச்சி போயிருந்தது.

"இதா, அதா?"

"ரெண்டுல ஒன்னு அத்த."

"பெத்தவ கெடக்குற எடம்கூடத் தெரியல ஒனக்கு" என்றாள்.

இரண்டு மேட்டுக்கும் நடுவில் புல்லை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள். எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நேரே பார்த்துக்கொண்டு பேசினாள். "ரெண்டு தடவ வந்தியே புள்ள. கைப்புள்ளயத் தூக்கிக்கிட்டு வந்தியே. ரெண்டு தடவையும் கதவச் சாத்திக்கிட்டு உள்ளதான இருந்தேன்." பனி இறங்கி எதிர் மலை மறையும் வரை அதையே வேறு வேறு மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்கு ஆள் அனுப்பினாள். இருபத்தெட்டு வயதுத் தம்பி, அவளை வழியில் பார்த்தால் ஒதுங்கிப்போகப் பழகியவன், பயந்துகொண்டே போனான். அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாளாம். அவன் மூத்த மகள் பிறந்தபோது முதலில் தூக்கியவள் அத்தைதான். ஏன் திடீரென்று இப்படி என்று தம்பி என்னிடம் கேட்டான். வயசாச்சுல்ல என்றேன். அதுவும் ஒரு பொய். அதற்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அதன்பின் அத்தை ஆறு வருடம் இருந்தாள். அந்த ஆறு வருடமும் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போகாமல் இல்லை. மாதம் ஒருமுறை போவேன். கதவு திறந்துதான் இருக்கும். "வந்தவருக்குத் தேத்தண்ணி குடு" என்று அங்கே வந்திருக்கும் தம்பி மனைவியிடம் சொல்வாள். நான் ஓரத்தில் உட்கார்ந்து குடித்துவிட்டு வருவேன். எல்லோரும் பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் வீட்டில், ஒருத்தி மட்டும் தன்னைப் பார்க்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் தெரிந்துகொண்டேன். அம்மா அதை இருபத்தாறு வருடம், காரணம் தெரியாமலே, தாங்கினாள். எனக்குக் காரணமாவது தெரிந்திருந்தது.

பத்து வயதில், வாட்டு மாடிச் சூட்டில் வியர்த்து வழிய, நான் இடம் மாற்றியது பத்துக் காய்கள் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.